வேட்டைக்குப் போன இடத்தில் நடுப்பகலில் கண்ணயர்வது எப்படி?

விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுந்து, இருட்டில் நடந்து, முதல் வெளிச்சத்திலிருந்து அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு உச்சி சாய்ந்ததும் தூக்கம் வந்தே தீரும். உண்ட மயக்கம் என்று சாப்பாட்டின் மேல் பழி போடுகிறோம். சாப்பிடாவிட்டாலும் பகல் 1 மணியிலிருந்து 3 மணிக்குள் உடலின் விழிப்பு இறங்கும்; அது உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் வேலை. அதை எதிர்த்து உட்கார்ந்திருப்பவர்தான் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை மடியில் வைத்தபடி தலை சாய்கிறார். அதனால் தூக்கத்தையும் வேட்டைத் திட்டத்தில் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நேரம் குறித்து, இடம் பார்த்து, ஆயுதத்தைக் காலி செய்துவிட்டுத் தூங்குங்கள். கண் இமை கனத்தால், ஒரே வரியை இரண்டு தடவை யோசித்தால், அந்த நிமிடமே எழுந்துவிட வேண்டும். ‘இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்’ என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

எவ்வளவு நேரம்

20 நிமிடத் தூக்கம் போதும். கண்ணயர ஐந்து நிமிடம் பிடிக்கும் என்று வைத்து 25 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அரை மணியைத் தாண்டினால் பெரும்பாலானோர் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவார்கள். அங்கிருந்து எழுப்பினால் தலை பாரமாக இருக்கும், கை சொன்னபடி கேட்காது. தெளிய அரை மணிகூட ஆகலாம். முந்தைய இரவு சரியாகவே தூங்கவில்லை என்றால், ஒரு முழுச் சுற்றாக ஒன்றரை மணி நேரம் தூங்குவது நல்லது. இரண்டுக்கும் நடுவில் 45 நிமிடம், ஒரு மணி நேரம் என்று தூங்குவதுதான் மோசம்.

அலாரம் சத்தம் போட வேண்டாம். கைக்கடிகாரத்தில் அதிர்வு வைத்தால் உங்களுக்கு மட்டும் தெரியும். போனை அதிர்வில் வைத்துப் பைக்குள் போட்டால் தெரியாமல் போகும். சட்டைப் பையில், தோலோடு ஒட்டி இருக்கட்டும். படுப்பதற்குச் சற்று முன் அரைக் கோப்பை காபி குடித்தால், அதன் வேகம் இரத்தத்தில் ஏற 20 முதல் 30 நிமிடம் ஆகும். எழும்போது சரியாகக் கை கொடுக்கும். மதுவை மட்டும் வேட்டை முடியும் வரை தொடவே கூடாது.

மான் இனங்கள் பலவும் விடியலிலும் அந்தியிலும் நடமாடி, நடுப்பகலில் படுத்து அசைபோடும். அதனால் 12 மணியிலிருந்து 2 மணிக்குள் தூங்குவதால் பெரிதாக இழப்பு இல்லை. இணைசேரும் பருவத்தில் மட்டும் ஆண் மான்கள் பட்டப்பகலிலும் அலையும். அந்த நாட்களில் இருவராகப் போய், ஒருவர் தூங்க ஒருவர் பார்ப்பது சிறந்தது. எப்படியானாலும் 3 மணிக்கு மேல் படுக்காதீர்கள். மாலை உட்காரலும் கெடும், அன்றிரவுத் தூக்கமும் கெடும்.

முதலில் துப்பாக்கி

இதில் அவசரம் கூடாது. பையை இறக்குவதற்கு முன்பே இதை முடியுங்கள். குழல்முனை ஆளில்லாத பக்கம், விரல் விசைக்கு வெளியே. மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய கூட்டைக் கழற்றுங்கள். பிறகு போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் தாழ்) திறந்து, சேம்பரில் (சுடும் தோட்டா உட்காரும் குழலின் பின்னறை) இருக்கும் தோட்டாவை வெளியே எடுங்கள். மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைப்பதே அடிக்கடி நடக்கும் தவறு. சேம்பரில் ஒன்று அப்படியே இருக்கும். சில பழைய ரைபிள்களில் சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) விடுவித்தால்தான் போல்ட் திறக்கும். அப்போது குழல்முனை எங்கே பார்க்கிறது என்பதில் இரட்டைக் கவனம் வேண்டும். கண்ணால் பார்த்த பிறகு சுண்டுவிரலை விட்டும் சேம்பரைத் தடவிப் பாருங்கள். போல்ட் திறந்தபடியே இருக்கட்டும். தோட்டாக்கள் ஜிப் உள்ள பைக்குள் போகட்டும்.

மரத்தில் சாய்த்து வைத்தால் சரிந்து விழும். தூக்கத்தில் கால் பட்டாலே போதும். உறைக்குள் வைத்துத் தரையில் கிடத்துங்கள், முனை உங்களுக்கும் கூட வந்தவருக்கும் எதிர்ப்புறம். வேட்டை நாயைக் கட்டிவையுங்கள். நாய் மிதித்துத் துப்பாக்கி வெடித்த விபத்துகள் உண்டு. வில் என்றால் அம்பை நாணிலிருந்து எடுத்து, கூர்முனை மூடியிருக்கும்படி தூணியில் செருகுங்கள். குறுக்குவில்லின் நாணை இழுத்துப் பூட்டிய நிலையில் வைத்துக்கொண்டு ஒருபோதும் படுக்க வேண்டாம்.

பரணில் தூங்காதீர்கள்

மரப் பரணில் உட்கார்ந்தவருக்கு இறங்க மனசு வராது. ஏறி இறங்கினால் சத்தம், வாடை, நேரம் எல்லாம் போகும் என்று அங்கேயே கண்ணை மூடுவார். உடல் முழுக்கத் தாங்கும் பாதுகாப்பு வார் போட்டிருந்தாலும் இது சரியில்லை. தூக்கத்தில் சரிந்தால் வார் தரையில் மோதாமல் காப்பாற்றும். ஆனால் அசையாமல் தொங்கும் உடலில் இரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தனியாக இருப்பவரை அப்போது இறக்க யாரும் இல்லை. தூக்கம் வந்தால் காலி செய்த துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குங்கள். பிறகு இரண்டு கை, இரண்டு காலில் மூன்று எப்போதும் ஏணியில் பதிந்திருக்க, வார் கழற்றாமல் இறங்குங்கள்.

இடம்

மாலையில் உட்காரப்போகும் இடத்திலேயே படுத்தால் வாடை அங்கே படிந்துவிடும். நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப் போங்கள். வெயில் ஏறியதும் சரிவின் காற்று மேல் நோக்கிப் போகும். அந்தியில் குளிர்ந்து கீழே இறங்கும். மலைச்சரிவின் அடியில் தூங்கினால் உங்கள் வாடை நேராக மேலே படுத்திருக்கும் விலங்குகளிடம் போய்ச் சேரும். காலையில் பார்த்து முடித்த பக்கம், அல்லது விலங்கு இருக்க வாய்ப்பில்லாத பக்கம் காற்று போகும்படி இடம் தேடுங்கள். நுண்தூளைச் சிறிது ஊதிப் பார்த்தால் திசை தெரியும்.

தலையைத் தூக்கி மேலே பாருங்கள். பட்ட கிளை, முறிந்து வேறு கிளையில் சிக்கித் தொங்கும் கொம்பு இருந்தால் அந்த மரமே வேண்டாம். காற்றில்லாத நாளிலும் விழும். தேன்கூடு, குளவிக்கூடு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். வறண்ட ஓடை மணல் மெத்தையாகத் தெரியும். மேட்டில் மழை பெய்தால் வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். விலங்குத் தடம், கற்குவியல், உளுத்த கட்டை, புற்று ஆகியவற்றை விட்டு விலகுங்கள். இடம் பிடித்துவிட்டது என்றால் படுக்கும் முன் இரண்டு நிமிடம் குனிந்து தரையைப் பாருங்கள். எறும்புச் சாரி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

நிழலின் கணக்கு எளிது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. உச்சிப்பொழுதில் 10 மீட்டர் உயரக் கிளையின் நிழல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தள்ளிப்போகும், கிழக்கு நோக்கி. அதனால் நிழலின் நடுவில் படுக்காமல் கிழக்கு ஓரத்தில் படுங்கள். நிழல் உங்கள் மேல் வந்து சேரும். மேற்கு ஓரத்தில் படுத்தவர் பத்தே நிமிடத்தில் வெயிலில் கிடப்பார்.

கரடி, சிறுத்தை போன்றவை நடமாடும் காட்டில் வீழ்த்திய விலங்கின் பக்கத்திலோ, குடலை எடுத்துப் போட்ட இடத்திலோ கண்ணயரவே கூடாது. உணவுப் பையையும் தலைமாட்டில் வைக்க வேண்டாம். அங்கெல்லாம் ஒருவர் விழித்திருக்க மற்றவர் தூங்குவதே முறை.

பிற வேட்டைக்காரர் கண்ணில் படுங்கள்

காட்டின் நிறத்தில் உடை உடுத்தி, சருகின் மேல் அசையாமல் கிடக்கும் மனிதர் யாருக்கும் தெரியமாட்டார். அது விலங்குக்கு மட்டும் இல்லை, துப்பாக்கியோடு வரும் இன்னொருவருக்கும்தான். பளிச்சென்ற ஆரஞ்சு மேற்சட்டையை ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். மரத்தின் ஒரு பக்கம் மட்டும் கட்டினால் தண்டு மறைத்துவிடும். இரண்டு துணி இருந்தால் நான்கு பக்கமும் தெரியும். மான்களுக்கு ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது என்பதால் வேட்டைக்கு இது கெடுதல் இல்லை.

முகத்தில் வெள்ளைக் கைக்குட்டை போட்டுக்கொண்டு தூங்குவது கூடாது. சில மான் இனங்களின் வால் வெள்ளையாக இருக்கும். புதருக்குள் தெரியும் ஒரு வெள்ளைத் துண்டு அவசரக் கண்ணுக்கு அப்படித்தான் படும். வான்கோழி வேட்டைப் பருவத்தில் சிவப்பும் நீலமும்கூட வேண்டாம். சேவலின் தலை அந்த நிறங்களில் இருக்கும். யாரோ வரும் சத்தத்தில் விழித்தால் கை ஆட்டாதீர்கள், சட்டென்று எழாதீர்கள். படுத்தபடியே சத்தமாகக் குரல் கொடுங்கள். எங்கே, எத்தனை மணி வரை தூங்கப்போகிறீர்கள் என்பதைக் கூட வந்தவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

படுக்கை

தோளிலிருந்து இடுப்பு வரை தாங்கினால் போதும். சுமார் 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், ஒரு செ.மீ. தடிமன் உள்ள நுரைப் பாய்த் துண்டு பையில் சுருண்டு கிடக்கும், எடையே தெரியாது. தரை உடம்புச் சூட்டைக் காற்றைவிட வேகமாக உறிஞ்சும். ஈரத்தரையில் இருபது நிமிடம் படுத்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். சருகைக் குவித்துப் படுக்கலாம்தான், ஆனால் உண்ணி அதிகம் இருப்பதும் அங்கேதான். பாய் சுமப்பதே மேல்.

குறட்டை விடுபவர் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கட்டும். உட்கார்ந்தே தூங்குவதென்றால் தோளைவிட அகலமான மரத்தண்டில் சாயுங்கள். பின்னாலிருந்து வரும் குண்டுக்கும் அது ஓரளவு மறைப்பு. பூட்ஸ் கயிற்றைத் தளர்த்துங்கள். கழற்றினால் காலுறையைப் பூட்ஸின் வாயில் திணித்துவையுங்கள், போடும்போது தலைகீழாகத் தட்டுங்கள், தேள் புகுந்துகொள்ளும்.

உண்ணி உள்ள காடுகளில் 0.5 சதவீத பெர்மெத்ரின் மருந்தை வீட்டிலேயே உடைகளில் தெளித்து, நன்றாகக் காயவைத்து உடுத்த வேண்டும். அதைத் தோலில் தடவக்கூடாது. தோலுக்கு 20 முதல் 30 சதவீத டீட் என்ற பூச்சி விரட்டி கலந்த களிம்பு உண்டு. கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகுங்கள்.

குளிர்நாளில் நடந்து வியர்த்த உள்சட்டையோடு படுப்பதுதான் பலரும் செய்வது. தூங்கும்போது உடம்புச் சூடு குறையும், ஈரத்துணி மிச்சத்தையும் இழுக்கும். உலர்ந்த சட்டை, காலுறை மாற்றி, தலையை மூடிக்கொண்டு படுங்கள். ஏற்கெனவே நடுக்கம் இருந்தால் தூங்கவே வேண்டாம். எழுந்து நடந்து, சூடாகக் குடித்து, இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். வண்டிக்குள் தூங்குபவர்கள் சூட்டுக்காக இன்ஜினை ஓடவிடக்கூடாது. புகைக்குழாய் பனியாலோ சருகாலோ அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும்; அதற்கு வாசனையே கிடையாது.

வெயில் நாளில் மறைப்புக் கூடாரத்துக்குள் படுக்காதீர்கள், உள்ளே வெக்கை ஏறிவிடும். படுக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

எழுந்த பிறகு

அலாரம் அடித்ததும் துப்பாக்கியைத் தொடாதீர்கள். முதலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, பத்து நிமிடம் போகட்டும். அந்த நேரத்தில் முழங்கால் மடிப்பு, இடுப்புவார் இருக்கும் இடம், அக்குள், காது பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் விடுவதும் சூடு வைப்பதும் தவறு. ஆரஞ்சுத் துணியை அவிழ்த்து உடுத்திக்கொண்டு, சேம்பர் காலியாக இருப்பதை உறுதி செய்து, குழலுக்குள் மண்ணோ பனியோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடிக்கும். தோட்டாவை மாலை இடத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகே ஏற்றுங்கள்.

நேரம் தவறி எழுந்துவிட்டால் குறித்த இடத்துக்கு ஓட வேண்டாம். வியர்த்து, சத்தம் போட்டுக்கொண்டு அந்தி வெளிச்சத்தில் போய்ச் சேர்வதைவிட, எழுந்த இடத்திலிருந்து காற்றுக்கு எதிராகப் பார்க்கக்கூடிய அருகிலுள்ள மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள்.