காரைக்குடி விரிகிறது, தெருக்கள் சேர்கின்றனவா? எண்ணிப் பார்க்கும் முறை

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் எல்லாம் எல்லைக்குள் வந்தன. தெருக்களும் சேர்ந்தனவா என்று பார்க்க ஒரு வரைபடமும் இரண்டு நிறப் பேனாவும் போதும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் பழைய ஊரில் ஒன்று, புது மனைப்பிரிவில் ஒன்று என 500 மீட்டர் சதுரங்களாக அச்செடுங்கள். மூன்று தெருவாவது கூடும் இடத்தில் ஒரு புள்ளி. முட்டுச்சந்தின் நுனியில் வேறு நிறத்தில் ஒரு புள்ளி. வெறும் வளைவுக்குப் புள்ளி வேண்டாம். இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தெரு ஓர் இணைப்பு. காகித ஓரத்தில் வெட்டுப்படும் தெரு அரை இணைப்பு. இணைப்புகளைப் புள்ளிகளால் வகுங்கள். எல்லாம் நாற்சந்தி என்றால் 2, எல்லாம் முச்சந்தி என்றால் 1.5. முட்டுச்சந்து கூடக் கூட எண் இறங்கும்.

பெரிய ரோட்டிலிருந்து ஒரே வாசல், நடுவில் ஒரு தெரு, அதிலிருந்து தனித்தனி இடத்தில் பிரியும் நாலு கிளை, ஐந்து நுனியும் முட்டு என்று ஒரு மனைப்பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ரோட்டை விட்டுவிட்டு, வாசலை ஒரு புள்ளியாக எண்ணினால் புள்ளி 10, இணைப்பு 9, விடை 0.9. பக்கத்துப் பக்கத்துக் கிளைகளின் நுனிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 7/6, அதாவது 1.17. எண் ஏறிவிட்டது, வாசல் இன்னும் ஒன்றுதான்! அதனால் வெளியேறும் வழிகளைத் தனியாக எண்ணுங்கள். ஊர் முழுக்கச் சராசரி போடவும் வேண்டாம். பழைய தெருக்களின் நல்ல எண் புறநகரின் குறையை மூடிவிடும்.

அடுத்து சுற்றுவழி. மதிலுக்கு இந்தப் பக்க வீட்டிலிருந்து அந்தப் பக்க வீட்டுக்கு நேர்க்கோட்டில் 60 மீட்டர், நடந்தால் 900 மீட்டர் என்றால் 15 மடங்கு.

படத்தை நம்பி ஏமாறுவதும் உண்டு. தெரு என்று கோடு இருக்கும், போனால் சீமைக்கருவேலம். செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பது சகஜம். அது வீட்டுக்காரர் வழி, கணக்கில் வராது. ஊருணி, கண்மாய்க் கரையில் நிற்கும் தெருவைத் தனியாகக் குறியுங்கள். அதை நீட்ட முடியாது.

மிச்ச முட்டுகளுக்குப் புலப்படத்தை, அதாவது சர்வே எண் வாரியான நில அளவை வரைபடத்தை, பாருங்கள். நுனிக்கு அப்பால் வண்டிப்பாதை காட்டியிருந்தால் அதுவே இணைப்புக்கு முதல் இடம். புது மனைப்பிரிவு என்றால், சாலைகளைத் தானப்பத்திரம் எழுதி ஒப்படைக்கும் முன்பே தெருவை எல்லை வரை விடச் சொல்ல வேண்டும். நுனியில் ஒரு மனை விற்றுப் பத்திரம் பதிந்துவிட்டால், பிறகு நிலம் எடுத்துத்தான் தெரு போட முடியும்.