பெரியம்மாவைத் தனியாக இருக்க விடுவது எப்படி

என் பெரியம்மாவுக்கு 74 வயது. பிள்ளைகள் இல்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு அறை ஓட்டு வீடு. தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருடம் பெட்டி ஒட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்ததும் கோயம்புத்தூருக்கு என்னோடு வரச் சொன்னேன். "உன் வீட்ல மூணாவது மாடியில உக்காந்து யாரை தாயி பாக்க?" என்றார். சரி, அவர் அங்கேயே இருப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

உதவிகள் இல்லாமல் இல்லை. ஆனால் மாத்திரை தருபவருக்கு ரேஷன் விவரம் தெரியாது, தாலுகா ஆபீசுக்குப் பெரியம்மா நடக்க முடியாதவர் என்பது தெரியாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து போவார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டும் வேலை நம் தலையில்தான் விழும். நான் அதற்கு வைத்திருப்பது ஒரு நோட்டு, பக்கத்து வீட்டு மதினி. அவ்வளவுதான்.

மதினியிலிருந்தே தொடங்குங்கள். விண்ணப்பம், அட்டை எல்லாம் அப்புறம். தினமும் காலையில் எட்டிப் பார்க்க, வருகிறவர்களிடம் பேச, எனக்குப் போன் போட உள்ளூரில் ஒரே ஓர் ஆள் வேண்டும். நாலு பேரிடம் சொல்லி வைத்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். மாதம் 1,500 ரூபாய் தருகிறேன். முதலில் வாங்க மறுத்தார். வாய் நன்றிக்கு மாதக்கணக்கில் ஒருவரை ஓட விடுவது நியாயமில்லை என்று நான்தான் பிடிவாதமாகக் கொடுத்தேன். நோட்டு பெரியம்மா வீட்டு மாடக்குழியில் இருக்கும். யார் வந்தாலும் தேதி, என்ன தந்தார்கள், அடுத்து எப்போது வருவார்கள் என்று மூன்றே விஷயம் எழுத வேண்டும்.

அடுத்தது மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிறார். நடக்க முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. ஆனால் விழுந்து எழுந்தவர் வீட்டை யாரும் தேடிக் கண்டுபிடித்து வரமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிந்தேன். கிராம செவிலியரிடமும் தனியாகச் சொன்னேன். அதன்பிறகுதான் பிசியோதெரபி செய்பவர் வந்தார்.

இங்கே ஒரு தப்பு நடந்தது. பெரியம்மா ஏற்கெனவே ஒரு தனியார் டாக்டரிடம் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். தன்னார்வலரும் தந்தார். இரண்டும் ஒரே மருந்து, அட்டையில் பெயர்தான் வேறு. இரண்டையும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார், நல்ல பிள்ளையாக! தலைசுற்றி இன்னொரு முறை விழப் பார்த்தார். அன்றைக்கு வீட்டில் இருந்த எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டினேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் ஒரே சீட்டாக எழுதித் தந்தார். அந்தச் சீட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

பணம். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாய் ஆனது. ஆதரவற்றவர்களுக்கான தொகை என்பதால் சம்பாதிக்கும் மகன் வீட்டில் இருந்தால் கிடைப்பது கஷ்டம். பெரியம்மாவுக்கு விதவை உதவித்தொகைக்கும் தகுதி இருந்தது, ஆனால் பெரியப்பாவின் இறப்பைப் பதிந்த தாள் எங்கும் அகப்படவில்லை. தொகை ஒன்றுதான் என்பதால் அந்த அலைச்சலை விட்டுவிட்டு வயதை வைத்தே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். அங்கிருந்து அது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகிறது. இடையில் விஏஓ விசாரணை. விசாரிக்க வரும் நாளில் மதினி கூட இருந்ததுதான் உதவியது. "சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?" என்று கேட்டதற்குப் பெரியம்மா கௌரவம் பார்த்து "எனக்கென்ன குறை" என்று சொல்லிவிட்டார்; உள்ளதை மதினிதான் எடுத்துச் சொன்னார்.

ஆதாரில் பெயரின் இனிஷியலும் ரேஷன் கார்டில் இருப்பதும் ஒத்திருக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள். போன் நம்பர் விஷயத்தில் நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஆதாரில் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். ஓடிபி கோயம்புத்தூரில் வந்து நிற்கும், நான் மீட்டிங்கில் இருப்பேன், வந்தவர் காத்திருந்து போய்விடுவார். பெரியம்மாவிடம் இருக்கும் பட்டன் போன் நம்பரே போதும். அதைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து ஆதாரில் மாற்றித் தருவார், அஞ்சலக வங்கி மூலம்.

ரேஷனுக்குப் பெரிய தொல்லை கைரேகை. முப்பது வருடம் பசையும் அட்டையும் தேய்த்த விரல், கருவியில் விழவே விழாது. கருவிழிப் பதிவு கேளுங்கள். கடைக்குப் போகவே முடியாதவர் தனக்குப் பதில் ஒருவரை எழுதிக் கொடுத்து அனுப்பலாம். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வண்டியில் வீட்டு வாசலுக்கே பொருள் வந்தது. பெரியவரின் பெயர் வெளியூரில் இருக்கும் மகன் கார்டில் கிடந்தால் வண்டி இங்கே வராது.

அவசரத்துக்கு 108. சந்தேகம் கேட்க, புகார் சொல்ல, ஆறுதலாகப் பேசக்கூட முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. இரண்டையும் சுவரில் பெரிதாகக் கரியால் எழுதி வைத்தோம். படிக்கத் தெரியாவிட்டாலும் பெரியம்மாவுக்கு எண்கள் தெரியும், பெட்டிக்கணக்கு பார்த்தவர்.

வீட்டில் செய்த மாற்றம் கொஞ்சம்தான். கொல்லையில் வழுக்காத கல், கழிப்பறையில் பிடித்து எழ இரும்புக் கம்பி, கட்டிலருகே ஒரு விளக்கு சுவிட்ச். கழிப்பறை உள்தாழ்ப்பாளைக் கழற்றுவதற்கு மட்டும் ஒப்பவில்லை. உள்ளே விழுந்தால் யாரும் கதவைத் திறக்க முடியாதே என்றேன். "தாப்பா இல்லாத கக்கூசுல நான் போமாட்டேன்" என்று முடித்துவிட்டார். வெளியிலிருந்து திருப்பித் திறக்கிற மாதிரி ஒரு பூட்டு கோவில்பட்டிக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது வாங்கிக்கொண்டு போய்ப் பேச வேண்டும்.