செக் பவுன்ஸ் நோட்டீஸ்: கேட்பு வேறு, உரிமைகோரல் வேறு

டிமாண்ட் என்பது கேட்பு: ‘இந்தத் தொகையைக் கொடுங்கள்’ என்று எதிராளியிடம் நேராகச் சொல்வது. கிளெய்ம் என்பது உரிமைகோரல்: ‘இது எனக்குச் சேர வேண்டும்’ என்பது, எதிராளி மறுத்தால் நீதிமன்றத்தில் நிரூபித்துத்தான் வாங்க வேண்டும். செக் பணமில்லாமல் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138 நோட்டீஸில் கேட்கச் சொல்வது செக் தொகையை மட்டுமே.

1. வங்கியிலிருந்து ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதைச் சொல்லும் சீட்டு) கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்துவையுங்கள். அதிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். மார்ச் 3-இல் கிடைத்தால் ஏப்ரல் 2 கடைசி நாள்.

2. அடுத்தது கேட்புப் பத்தி. பலரும் வழுக்குவது இங்கேதான். செக் 2,00,000 ரூபாய், வட்டி 18,000, நோட்டீஸ் செலவு 5,000 என்று வைத்துக்கொள்வோம். ‘மொத்தம் 2,23,000 ரூபாய் தரவும்’ என்று மட்டும் எழுதினால் நோட்டீஸ் செல்லாது. செக் தொகைக்கான கேட்பே அதில் இல்லை. இப்படி எழுதுங்கள்: ‘இன்ன எண், இன்ன தேதியிட்ட காசோலையின் தொகை ரூ. 2,00,000-ஐ இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள் செலுத்தவும்.’

3. வட்டியும் செலவும் உரிமைகோரல். அவற்றைத் தனிப் பத்தியில், தனித்தனித் தொகையாக எழுதுங்கள். செக் தொகை தெளிவாக இருந்தால் கூடுதல் கோரல்கள் நோட்டீஸைக் கெடுக்காது என்று சுமன் சேத்தி வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் முதல் நோட்டீஸில் செக் தொகையை மட்டும் கேட்பதே என் பரிந்துரை. வட்டிக்கு சிவில் வழக்கு இருக்கிறது.

கடன் பாக்கி எவ்வளவு என்றாலும் கேட்புப் பத்தியில் செக்கில் உள்ள எண்தான் வர வேண்டும். 2,00,000 என்பது 20,000 ஆகிவிட்டாலும் சிக்கல்தான். எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, செக்கின் நகலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

4. வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவரத்தின் அச்சையும் சேர்த்து வையுங்கள். முகவரி சரியாக இருந்து, வாங்க மறுத்ததாகத் தபால் திரும்பினாலும் கவலை வேண்டாம். சேர்ந்ததாகவே சட்டம் கருதும்.

5. எதிராளிக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் முழுதும் முடியட்டும். ஏப்ரல் 10-இல் கிடைத்தால் 25 வரை அவருக்கு நேரம். அதற்கு முன் நீதிமன்றத்தில் தொடுத்த புகார் நிலைக்காது. பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும்.

பின்சேர்க்கை: செக் கொடுத்தபின் 50,000 ரூபாய் வந்துவிட்டால் நோட்டீஸில் 1,50,000 கேட்கலாமா? அது மட்டும் போதாது. வங்கியில் போடுவதற்கு முன்பே அந்த வரவை செக்கின் மேல் குறித்திருக்க வேண்டும். அதே சட்டத்தின் பிரிவு 56 அதற்கு வழி தருகிறது. குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138 பொருந்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கிக்குப் புதுச் செக் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.