வினை வேறு, விதி வேறு

பிறவியிலேயே காது கேளாத குழந்தை என்று தெரிந்த வாரம், சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் குழந்தையின் தலையைத் தடவி, "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். காபி டம்ளரை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போன சித்தி மகள், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. கர்மாவின் பெயரால் நாம் செய்யும் தவறுகளில் இதுதான் மிகக் கொடியது என்பேன். அடுத்தவர் துன்பத்துக்குக் காரணம் சொல்லும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வி பழையது. ராஜகிருகத்தில் சீவகன் என்ற துறவி புத்தரிடம் வந்து, "மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தான் என்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டதாகப் பாலி நூல் ஒன்று சொல்கிறது. புத்தர் அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, தாக்குதல். எட்டாவதாகத்தான் வினைப்பயன் வருகிறது. எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாங்கள் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். உயிர்க்கொலை செய்தவன் குறுகிய ஆயுளோடு பிறப்பான் என்ற பேச்சும் அதே பாலி நூல்களில் உண்டுதான். அது கொல்ல ஓங்கிய கையைத் தடுக்கச் சொன்னது என்றே நான் படிக்கிறேன். தொட்டிலருகே நின்று சொல்வதற்கு உரியதல்ல.

விதியையும் வினையையும் ஒன்றாகக் குழப்புவது அடுத்த தவறு. எல்லாம் நியதிப்படி நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றவர் புத்தர் காலத்தில் ஆசீவகம் என்ற துறவு நெறிக்குத் தலைவராக இருந்த மற்கலி கோசாலர். உருட்டிவிட்ட நூல் உருண்டை, நூல் தீரும்வரை அவிழ்ந்துகொண்டே போவதுபோல வாழ்க்கையும் போகும் என்பது அவர் தரப்பு. சமணரும் பௌத்தரும் அதை வன்மையாக எதிர்த்தார்கள். 'எல்லாம் கர்மா' என்று கைகட்டி உட்காருபவர், தெரியாமலே கோசாலர் பக்கம் போய் உட்காருகிறார். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று பள்ளியில் படித்தோமே, அதே வினைதான் இதுவும். செயல் என்று பொருள். ஊழைவிட வலியது எது என்று கேட்ட வள்ளுவரே, ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், தளராது முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்கிறார். சித்தி மகள் வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்துக் குழந்தையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள். வள்ளுவர் சொன்ன ஆள்வினை அது.

எல்லா மதத்துக்கும் கர்மா ஒன்றே என்று எண்ணுவதும் சரியல்ல. சமணத்தில் அது ஒரு பொருள். நுண்ணிய தூசிபோல உயிரின்மேல் ஒட்டுவது. அதனால்தான் பூச்சி புழுவுக்குத் தெரியாமல்கூடத் தீங்கு வரக்கூடாதென்று இரவில் உண்ணாமல் இருக்கிறார்கள். புத்தருக்கோ எண்ணமே வினை. சைவ சித்தாந்தத்தில் கன்மம் சடம், அறிவற்றது. செய்தவனைத் தேடிப் போய்ச் சேர அதற்குத் தெரியாது, இறைவனே அதை ஊட்டுகிறான். 'கர்மா சும்மா விடாது' என்று பிடிக்காதவர்களைப் பழிவாங்கும் தேவதைபோல அதைப் பேசுகிறோமே, சித்தாந்திக்கு அது பொருளற்ற பேச்சு.

கீதையின் "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்பதைக் கூலி கேட்பவர் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அந்தச் சுலோகம், செயலின்மையிலும் பற்று வைக்காதே என்றுதான் முடிகிறது. அர்ஜுனன் தன் மனத்தோடு போராடக் கேட்ட சொல் அது. சம்பளப் பட்டியலோடு அதற்குத் தொடர்பில்லை.

ஒன்றுக்கு ஒன்று என்று வட்டிக்கடைக் கணக்காக வினையை எண்ணுவதும் பரவலாக இருக்கிறது. இதற்கும் புத்தர் ஓர் உவமை சொன்னார். ஓர் உப்புக்கட்டியைச் சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதே கட்டியைக் கங்கையில் போட்டால் தண்ணீர் கரிக்காது. இருவர் செய்த தவறு ஒரே அளவாக இருக்கலாம். மனத்தைப் பண்படுத்தி விரித்துக்கொண்டவனுக்கு அது கங்கையில் விழுந்த உப்பு.