சிறிய ஆலயத்துக்குப் பலிபீடமும் வாசக மேடையும் வடிவமைத்தல்

இருநூறு பேர் அமரும் புதிய கத்தோலிக்கப் பங்கு ஆலயத்துக்குப் பீடமுற்றம் (பலிபீடமும் வாசக மேடையும் குருவின் இருக்கையும் அமையும் முன்பகுதி) அமைப்பவர்கள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே விலைபேசி வாங்கத் தொடங்காமல், முதலில் பலிபீடத்தின் இடத்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டும். அதைச் சுற்றி எளிதாக நடந்துவரவும், மக்களை நோக்கித் திருப்பலி நிறைவேற்றவும் இயலும்படி சுவரிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும் என்பது திருச்சபையின் நெறி. பீடம் நீளமாக இருந்தால்தான் மதிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். சிறிய முற்றத்தில் 150 செ.மீ. நீளமும் 80 செ.மீ. அகலமும் தாராளமாகப் போதும். அந்த அளவில் 10 செ.மீ. கனமுள்ள கருங்கல் மேற்பலகை மட்டுமே 320 கிலோவைத் தாண்டும் என்பதால், தளம் போடுவதற்கு முன்பே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். மேற்பரப்பை வெண்துகில் மூடிவிடும். மக்கள் காண்பது முன்பக்கத்தையே. அங்கே கண்ணாடிபோல் பாலிஷ் போட்டால் குழல்விளக்கின் ஒளி கண்ணை உறுத்தும் என்பதால், மங்கலாகத் தேய்த்த கல்லே நல்லது.

மிகவும் புறக்கணிக்கப்படுவது வாசக மேடை. விவிலிய வாசகங்களும் அவற்றுக்கிடையே வரும் பதிலுரைப் பாடலும் உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவில் பாடும் பாஸ்கா புகழுரையும் ஒலிக்க வேண்டிய அந்த இடத்தில், நகர்த்தி வைக்கும் மர ஸ்டாண்டு போதாது. பீடத்தின் அதே கல்லில், நிலையாக அமைய வேண்டும். நான் வடிவமைத்த ஓர் ஆலயத்தில் நூல் வைக்கும் பலகையைப் பங்குத்தந்தையின் உயரத்துக்கே அமைத்துவிட்டோம். முதல் ஞாயிறன்று வாசிக்க வந்த ஆறாம் வகுப்புச் சிறுமியின் நெற்றிக்கு மேலே மைக் நின்றது. மக்களுக்கு அவள் முகமே தெரியவில்லை. கல் பதித்த பின் வேறு வழியின்றி உள்ளே ஒரு மரப்படி செய்து வைத்தோம். ஆகவே, கல்லுக்குச் சொல்லும் முன் பிளைவுட்டில் முழு அளவு மாதிரி செய்து, பங்கின் மிகக் குட்டையான வாசகரையும் மிக உயரமானவரையும் அதில் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். வாசக நூலை விரித்து வைத்து அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நூல் வழுக்காதபடி பலகையின் கீழ்விளிம்பில் சிறு தடுப்பு வேண்டும்.

குருவின் இருக்கை மக்களை நோக்கி இருக்கட்டும். அரியணைபோல் தோன்றும் செதுக்கு வேலை வேண்டாம். திருப்பலியில் அர்ப்பணித்த அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழை திருப்பலிப் பீடத்தின் மேல் அல்லாமல் வேறிடத்தில், அசையாததாகவும் உள்ளிருப்பது வெளியே தெரியாததாகவும் பூட்டக்கூடியதாகவும், அருகே அணையாவிளக்குடன் இருக்க வேண்டும். வெறும் பகட்டைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சொன்னது, பணம் குறைவான பங்குகளுக்குப் பெரிய துணை. வரைபடத்தையும் மாதிரியின் படங்களையும் மறைமாவட்ட வழிபாட்டுக் குழுவிடம் காட்டி, ஒப்புதல் கிடைத்த பிறகே கல்லுக்கு முன்பணம் கொடுங்கள்.