350 ஷெவ்ரோலே: கார்புரேட்டர், இன்டேக் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1967 கமாரோ காரோடு வந்த, 350 கன அங்குல அளவுள்ள ஷெவ்ரோலே 350 இன்ஜினுக்குப் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. அதனாலேயே தவறான பாகம் வாங்குவதும் எளிதாகிவிட்டது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் பளபளப்பான ஒன்றை முதலில் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு யோசிப்பதில்தான் பெரும்பாலான குளறுபடி தொடங்குகிறது. பின் அச்சின் கியர் விகிதம், கியர்பாக்ஸ், கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் ஆகியவை முதலில் முடிவாக வேண்டும். அதன் பிறகு அந்தக் கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்ட். கார்புரேட்டர் கடைசி.

அளவைக் கூட்டினால் சக்தி கூடும் என்று நம்புவது முதல் தவறு. நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகும் என்பதே சிஎஃப்எம். இன்ஜினின் கன அங்குல அளவை ஆர்பிஎம்மால் (நிமிடச் சுழற்சி) பெருக்கி, 3456-ஆல் வகுத்து, சிலிண்டர் உண்மையில் எவ்வளவு நிரம்புகிறது என்ற விகிதத்தால் பெருக்கினால் தேவை தெரிந்துவிடும். தெருவில் ஓடும் 350-க்கு அந்த விகிதத்தை 85 விழுக்காடு என்று வைக்கலாம். 5500 ஆர்பிஎம்மில் 473 சிஎஃப்எம் வரும். நல்ல ஹெட்டும் கேமும் போட்டு 6500 வரை சுற்றி, 90 விழுக்காடு நிரம்பினாலும் 592தான். 600 போதும்.

இதன் மேல் 850 சிஎஃப்எம் டபுள் பம்பரை, அதாவது இரண்டு ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரை ஏற்றினால் வென்ச்சுரி எனும் அதன் குறுகிய காற்று வழியில் காற்றின் வேகம் குறையும். உறிஞ்சும் விசை பலவீனமாகி, பெட்ரோல் பொடியாகச் சிதறாமல் சொட்டுச் சொட்டாக விழும். சிக்னலில் கிளம்பும்போது வண்டி திணறும், பிளக்கில் கரி படியும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. காற்றின் வேகம் ஜெட் கையில் இல்லை.

அப்படியானால் 302 கன அங்குலமே உள்ள 1967 கமாரோ இசட்/28 இன்ஜினுக்குத் தொழிற்சாலையே 780 சிஎஃப்எம் ஹோலி கார்புரேட்டர் கொடுத்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது வேக்கம் செகண்டரி கார்புரேட்டர். முன் இரண்டு வாய்களில் காற்று வேகம் பிடித்த பிறகுதான் பின் இரண்டும் மெல்லத் திறக்கும். தேவைக்கு மேல் திறக்காததால் சற்றுப் பெரிய அளவையும் அது சமாளிக்கும். டபுள் பம்பரில் உள்ள மெக்கானிக்கல் செகண்டரியில் முழுதாக மிதித்த கணமே நான்கும் திறந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 3.08 பின் கியர், கனமான உடல் உள்ள காருக்கு வேக்கம் செகண்டரியே சரி. மேனுவல் கியர்பாக்ஸும் 3.73 அல்லது அதற்கு மேற்பட்ட கியரும் இருந்தால் மட்டும் டபுள் பம்பரை யோசிக்கலாம்.

அந்த இசட்/28-இல் இருந்தது டூயல் பிளேன் இன்டேக், அதாவது உள்ளே இரண்டு தனி அறைகளாகப் பிரிந்த வகை என்பதையும் கவனியுங்கள். ஒரே பொது அறை உள்ள சிங்கிள் பிளேன் பலன் தரத் தொடங்குவதே ஏறக்குறைய 3000 ஆர்பிஎம்முக்கு மேல். தெருவில் அந்த இன்ஜின் வாழ்வதோ அதற்குக் கீழே. எடல்பிராக் பெர்ஃபார்மர் ஆர்பிஎம் போன்ற டூயல் பிளேன் 1500 முதல் 6500 வரை இழுக்கும். தெரு வண்டிக்கு அதைத் தாண்டி எதுவும் வேண்டியதில்லை.

பணம் வீணாகும் இடம் போல்ட் துளைகள். 1955 முதல் 1986 வரையிலான ஹெட்டுகளில் இன்டேக்கைப் பிடிக்க 12 போல்ட். 1987-இல் வந்த வார்ப்பிரும்பு ஹெட்டுகளிலும் 12தான், ஆனால் நடு போல்ட்டுகளின் கோணம் மாறிவிட்டது. 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்டுக்கு 8 போல்ட். பழைய இன்டேக் அதில் உட்காரவே உட்காராது. பழைய வகைக்கு 30 அடி-பவுண்டு முறுக்கு. வோர்டெக்குக்கு வெறும் 11. பழக்கத்தில் 30 வைத்தால் கேஸ்கெட் நசுங்கும். வோர்டெக்கில் எக்ஸாஸ்ட் சூடு இன்டேக்குக்கு ஏறும் வழியும் இல்லை. குளிர்ந்த இன்ஜின் கிளம்பக் காற்றைக் குறைக்கும் சோக், அந்தச் சூட்டை நம்பிய பழைய வகை என்றால் வேலை செய்யாது. மின் சோக் வேண்டும். இன்டேக்கின் முன் பின் ஓரங்களில் கார்க் கேஸ்கெட்டைத் தவிர்த்து, கால் அங்குல கனத்துக்கு சிலிகான் சீலன்ட் இடுங்கள். கார்க் நழுவினால் எண்ணெய் கசியும்.

கார்புரேட்டர் உட்காரும் வாயும் இரு வகை. குவாட்ராஜெட் கார்புரேட்டரின் முன் வாய்கள் 1 3/8 அங்குலம், பின் வாய்கள் 2 1/4. நான்கு வாய்களும் ஒரே அளவான சதுர வாய் இன்டேக்கில் அதை வைத்தால் பின் த்ராட்டில் தகடு இடித்து நிற்கும், மிதி திரும்பாமலும் போகலாம். இறுக்கும் முன் கையால் முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள்.

ஹோலியின் பவர் வால்வில் பெரும்பாலும் 6.5 என்று இருக்கும்: மேனிஃபோல்ட் வேக்கம் (உள்ளே உள்ள உறிஞ்சல்) பாதரச அளவில் 6.5 அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் கூடுதல் பெட்ரோல் திறக்கும். கடுமையான கேம் போட்ட இன்ஜினில் வேக்கம் ஐடிலிலேயே ஆடும். வால்வு வேண்டாத நேரத்தில் திறந்து பெட்ரோல் கொட்டும். கியர் டிரைவில் இருக்கும்போது வேக்கத்தை அளந்து அதில் பாதி எண்ணை எடுங்கள். 9 அங்குலம் என்றால் 4.5. பெட்ரோல் அழுத்தம் ஹோலிக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ. எடல்பிராக் கார்புரேட்டருக்கு 5.5 போதும், அதிகமானால் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வைத் தள்ளி வழியும்.

700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. கார்புரேட்டரின் த்ராட்டிலோடு இணையும் அதன் டிவி கேபிள்தான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. புது கார்புரேட்டரில் கேபிள் பிடிக்கும் புள்ளி மாறினால் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் கருகும். சரியான பிராக்கெட் வந்து கேபிள் ஒழுங்காகும் வரை தெருவில் ஓட்ட வேண்டாம். டிஎச்350 ஆட்டோமேட்டிக்கில் கேபிள் கிக்டவுனுக்கு (முழுதாக மிதித்தால் கீழ் கியருக்கு இறங்குவது) மட்டும் என்பதால் இந்த ஆபத்து இல்லை.

புது இன்டேக் உயரமாக இருக்கலாம். ஏர் கிளீனரின் மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெல்ல மூடித் திறந்து, நசுங்கிய கனத்தை அளங்கள். கால் அங்குலத்துக்குக் குறைந்தால் இன்ஜின் அசையும்போது இடிக்கும். தாழ்ந்த அடித்தட்டு உள்ள ஏர் கிளீனரை எடுப்பதானால், அது ஹோலியின் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் பவுலில் முட்டுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.