சில்லு விலகல் குறித்த ஆய்வுகளை நோயாளியும் குடும்பத்தினரும் வாசிப்பது எப்படி?

முழங்கால் சில்லு முதன்முறையாக விலகி, எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து முடித்தபின், பல குடும்பங்கள் இரண்டு ஆலோசனைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கின்றன. பிரேஸ் போட்டுக்கொண்டு பிசியோதெரபி செய்தால் போதும் என்கிறார் ஒரு மருத்துவர். லிகமென்ட் (எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் நார்) கிழிந்திருப்பதால் இப்போதே அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதற்கும் ஆதாரமாகக் காட்ட ஆய்வுகள் உண்டு. அவற்றைத் தேடிப் படிப்பவர் முடிவுரையின் கடைசி வரிக்கு நேராகத் தாவிவிடாமல், ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார், செய்யப்பட்ட அறுவை எது, எதை வெற்றி என்று கணக்கிட்டார்கள் என்ற மூன்றையும் முதலில் பார்த்துவிட்டால், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் ஆய்வுகளில் பாதி முரண் மறைந்துவிடும்.

தேடும்போது

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் என்ற இணையதளத்தில் கட்டுரைச் சுருக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலத்தில் 'பட்டெல்லர் டிஸ்லொகேஷன்' என்று தேட வேண்டும்; 'நீ டிஸ்லொகேஷன்' என்று தேடினால் வேறொரு நோய்க்குள் போய்விடுவீர்கள். அது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் பெருங்காயம். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி அறுந்து காலையே இழக்க நேரிடும் அவசர நிலை. அந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடப்பதில் பயனில்லை.

சில்லு வெளிப்பக்கமாக வழுகாமல் உட்பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிப்பது எம்.பி.எஃப்.எல். எனப்படும் லிகமென்ட். இறந்தவர்களின் முழங்கால்களில் செய்யப்பட்ட சோதனைகளின்படி, கால் ஏறக்குறைய நீட்டிய நிலையில் இருக்கும்போது சில்லை வெளியே போகவிடாமல் தடுக்கும் விசையில் 50 முதல் 60 விழுக்காடு வரை இந்த ஒரு நாரிலிருந்தே வருகிறது. முழங்கால் மேலும் மடங்கியபின் தொடை எலும்பின் முன்பள்ளம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. சில்லு வெளியேறும்போது இந்த நார் பெரும்பாலும் கிழியவே செய்யும் என்பதால், எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'எம்.பி.எஃப்.எல். கிழிவு' என்று இருப்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு அறுவை தேவை என்றோ தேவையில்லை என்றோ சொல்லிவிட முடியாது.

யாரைச் சேர்த்தார்கள்?

முதலில் தேட வேண்டியது, ஆய்வில் இருந்தவர்களுக்குச் சில்லு விலகியது முதல் முறையா, மீண்டும் மீண்டுமா என்பது. 189 பேரை 2 முதல் 5 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதல்முறை விலகியவர்களில் 17 விழுக்காட்டினருக்கே மறுபடி விலகியது. முன்பே அந்தத் தொல்லை இருந்தவர்களிடம் அது 49 விழுக்காடு. இந்த இரு கூட்டத்தையும் கலந்து சராசரி சொல்லும் கட்டுரை இரு தரப்பினருக்கும் பயன்படாது.

அடுத்து வயது. எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்தட்டு இன்னும் மூடாத பிள்ளைகளுக்குத் தொடை எலும்பில் இந்த நார் ஒட்டியிருக்கும் இடம் வளர்தட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. பெரியவர்களுக்குச் செய்வதுபோல, புதிய நாரைப் பொருத்த அங்கே துளை போட்டுவிட முடியாது. ஆகவே பெரியவர்களிடம் செய்த ஆய்வின் முடிவைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

ஆய்விலிருந்து யாரை விலக்கினார்கள் என்ற பத்தியையும் தாண்டிச் செல்ல வேண்டாம். சில்லு வெளியேறும்போது குருத்தெலும்போடு சேர்ந்த பெரிய துண்டு பெயர்ந்து மூட்டுக்குள் விழுந்துவிட்டால் அதற்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படும் என்பதால், பல ஆய்வுகள் அத்தகையவர்களைச் சேர்ப்பதே இல்லை. அப்படிப்பட்ட துண்டு உங்கள் அறிக்கையில் இருந்தால், 'அறுவைக்கும் பிரேசுக்கும் வேறுபாடில்லை' என்று முடிக்கும் கட்டுரை உங்களைப் பற்றியதே அல்ல.

எந்த அறுவை?

குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கிழிந்த நாரையும் அதைச் சுற்றிய திசுவையும் இழுத்துத் தைப்பது ஒரு வகை. உடம்பின் வேறிடத்திலிருந்து, பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்து, ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் புதிய நாராகப் பொருத்துவது இன்னொரு வகை. கட்டுரைத் தலைப்பில் இரண்டுமே 'அறுவை சிகிச்சை' என்றுதான் இருக்கும். செய்முறைப் பகுதியைப் படித்தால்தான் எது என்று தெரியும்.

மூன்று ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2008-இல் வெளியான பின்லாந்து ஆய்வு 16 வயதுக்கு உட்பட்டவர்களைச் சராசரியாக 14 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 67 விழுக்காட்டினருக்கும், செய்யாதவர்களில் 71 விழுக்காட்டினருக்கும் சில்லு மறுபடி விலகியது. ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் அங்கே பலருக்குச் செய்யப்பட்டது கிழிந்ததைத் தைப்பதும் வெளிப்பக்கத் திசுவைத் தளர்த்துவதும்; சிலருக்குத் தளர்த்துவது மட்டுமே. புதிய நார் பொருத்தப்படவில்லை. 2009-இல் அதே நாட்டிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், பெரும்பாலும் ராணுவப் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் 40 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்குப் பின், அறுவை செய்துகொண்ட 17 பேரில் ஒருவருக்கும் விலகவில்லை. செய்யாத 21 பேரில் 6 பேருக்கு விலகியது. 2012-இல் வெளியான பிரேசில் ஆய்வு 41 முழங்கால்களை எடுத்துக்கொண்டு, சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் ஒரு பகுதியைக் கொண்டு புதிய நார் அமைத்தது. குறைந்தது இரண்டு ஆண்டுகளில், அறுவை செய்யாத 20 முழங்கால்களில் 7-இல் சில்லு முழுதாகவோ பாதியாகவோ விலகியது. அறுவை செய்தவற்றில் ஒன்றிலும் இல்லை.

எனவே 'அறுவை பயனற்றது' என்று பின்லாந்துப் பிள்ளைகளைக் காட்டுபவரும், 'அறுவைதான் தீர்வு' என்று பிரேசிலைக் காட்டுபவரும் வேறு வேறு வயதினரிடம், வேறு வேறு அறுவையை, வேறு வேறு கால அளவில் பார்த்த முடிவுகளை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். என் கணிப்பில், இன்று நார் பொருத்தும் அறுவையைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய பெரியவருக்கு, தையல் அறுவையின் பழைய தோல்வி பெரிய தடையாக இருக்கத் தேவையில்லை. அதேபோல, இரண்டு ஆண்டு வெற்றி பதினான்கு ஆண்டு வெற்றிக்கு உத்தரவாதமும் ஆகாது.

எதை வெற்றி என்றார்கள்?

சில்லு மறுபடி விலகாததை வெற்றி என்பதா, நோயாளி நன்றாக நடமாடுவதை வெற்றி என்பதா? 2009-ஆம் ஆண்டு ஆய்வில், மறுவிலகலில் அவ்வளவு வேறுபாடு இருந்தும், நோயாளிகளிடம் கேட்டுப் போட்ட மதிப்பெண்ணில் இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன.

அந்த மதிப்பெண்ணுக்குப் பெரிதும் பயன்படுவது 1993-இல் பின்லாந்தில் உருவான குயாலா அளவுகோல். 13 கேள்விகள், மொத்தம் 100 மதிப்பெண். நொண்டுதல், படியேறுதல், குத்தவைத்தல், ஓடுதல், வலி, வீக்கம் என்று கேட்டுக்கொண்டே போகும் அந்தத் தாளில், சில்லு இடம் நழுவுவதைப் பற்றிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதற்கு 10 மதிப்பெண். முழங்காலின் முன்பக்க வலிக்காக அமைந்த தாள் அது என்பதே காரணம். மாதம் ஒருமுறை சில்லு நழுவி அஞ்சி நிற்பவர்கூட மற்றவை சரியாக இருந்தால் 90-ஐ ஒட்டிய மதிப்பெண் வாங்கிவிட முடியும். நம் வீடுகளில் முக்கியமான சம்மணமிட்டு உட்காருவதைப் பற்றி அதில் கேள்வியே இல்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிடுபவரும் தொழுபவரும் அதை மருத்துவரிடம் தாமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை சிறியதா?

மேலே அருகருகே வைத்துப் பார்த்த மூன்று ஆய்வுகளுமே சிறியவை. சிறிய ஆய்வின் முடிவு எவ்வளவு உறுதியானது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: ஒரே ஒரு நோயாளியின் விளைவை மாற்றிப் பார்ப்பது. 2009-ஆம் ஆண்டு ஆய்வின் 17-இல் 0, 21-இல் 6 என்ற கணக்கை சிறு எண்ணிக்கைகளை ஒப்பிட உதவும் ஃபிஷர் சோதனை என்ற புள்ளியியல் கணக்கில் இட்டால், தற்செயலால் இவ்வளவு வேறுபாடு வர வாய்ப்பு 100-க்கு 2 என்ற அளவில் கிடைக்கிறது. அறுவை செய்துகொண்டவர்களில் ஒரே ஒருவர் படிக்கட்டில் தடுமாறிச் சில்லு விலகி, கணக்கு 17-இல் 1 ஆகியிருந்தால், அந்த வாய்ப்பு 100-க்கு 10 ஆகிவிடும். வழக்கமாக அது 100-க்கு 5-ஐவிடக் குறைவாக இருந்தால்தான் வேறுபாடு உண்டு என்று எழுதுவார்கள் என்பதால், கட்டுரையின் முடிவுரையே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். இந்தச் சோதனையைச் செய்ய இணையத்தில் இலவசக் கணிப்பான்கள் கிடைக்கின்றன. நான்கு எண்களை இட்டால் போதும். பாதியில் ஆய்வை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் இதே கண்ணோடு பார்க்கவும்.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2015-இல் 344 பேரைக் கொண்ட ஆறு ஆய்வுகளைப் பரிசீலித்தது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறுவிலகல் குறைவாக இருப்பதாகத் தெரிந்தாலும், சான்றின் தரம் மிகவும் குறைவு என்றே குறிப்பிட்டது. 2023-இல் அந்த மதிப்பாய்வு புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. படிப்பவர்கள் புதியதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பக்கவிளைவு அட்டவணையைக் கடைசியாகவேனும் பார்த்துவிடுங்கள். நார் பொருத்தும் அறுவையைப் பற்றிய 25 கட்டுரைகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஆய்வு, 629 முழங்கால்களில் 164 சிக்கல்களைக் கணக்கிட்டது. சில்லு எலும்பே முறிதல், முழங்கால் முழுதாக மடங்காமை, நிலைத்த வலி, சில்லு தளர்வாகவே இருத்தல் எனப் பலவகை அதில் அடக்கம். சிறிய தொல்லைகளும் அந்த எண்ணில் சேர்ந்திருப்பதால் அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஆனால் சிக்கல்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாத கட்டுரையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

மருத்துவரிடம் போகும் முன்

உங்கள் அறிக்கையிலிருந்து சிலவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளவும்: எலும்புத் துண்டு பெயர்ந்திருக்கிறதா, தொடை எலும்பின் முன்பள்ளம் ஆழமற்றதாக இருக்கிறதா, சில்லு வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கிறதா, டி.டி.டி.ஜி. என்ற தூரம் (தொடை எலும்பின் முன்பள்ளத்துக்கும், சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் மேட்டுக்கும் இடையிலான பக்கவாட்டு இடைவெளி) எத்தனை மில்லிமீட்டர். பிரான்சின் லியோன் நகர மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, சி.டி.யில் இந்தத் தூரம் 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் இயல்பு மீறியது என்று வகுத்தது, எம்.ஆர்.ஐ.யில் அளந்தால் எண் சற்றுக் குறைவாக வரும் என்பதால், எதில் அளந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இவை அதிகமாக இருப்பவருக்கு நாரை மட்டும் பொருத்தினால் போதுமா, எலும்பிலும் திருத்தம் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது சில்லு விலகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பின்லாந்துப் பிள்ளைகளிடம் மறுவிலகலோடு தொடர்புடையதாகத் தெரிந்த காரணங்களில் அதுவும் ஒன்று.